கோயிலுக்குக் கட்டும் சீலை

நன்றி சொல்வது எனக்குச் சரியாக வராது. யாராவது உதவி செய்தால் முதலில் கோபம்தான் வரும். இவர் ஏன் எனக்குச் செய்கிறார், நான் கேட்டேனா என்று மனம் முறுக்கிக்கொள்ளும். உன் நாக்கில் தேனுக்குப் பதிலாக மிளகாயைத் தடவிவிட்டார்கள் போல என்று அம்மா சொல்வார். ஆனால் ஒரு பெண்ணுக்கு மட்டும் இருக்கும்வரை நன்றி சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவர் சிங்களவர். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்தான். அவன் துவக்கோடு நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என் அம்மாவும் அப்பாவும் பதுங்கு குழிக்குள் இருந்தார்கள்.

பஹ்ரெய்னில், ஈசா டவுனில், ஒரு பள்ளிக்கூடத்தின் கன்டீனில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் சமையல், நான் மாவு பிசைவது, மரக்கறி வெட்டுவது, இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் சமோசா கொடுப்பது. கன்டீனை நடத்தியவர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம். அவரை எல்லாரும் பாய் என்போம். நான் சமையற்காரியை அக்கா என்றேன். அவர் என்னை நங்கி என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

அக்காவின் தமிழ் அரைகுறை, என் சிங்களம் அதைவிட மோசம். குறைந்ததை ஹிந்தியாலும் அரபியாலும் நிரப்பினோம். எண்ணெய் முடிந்தால் ‘தேல் மாஃபி’, வேலை முடிந்தால் ‘கலாஸ்’. இரண்டு இனத்தார் ஒரே அடுப்பில் வேலை செய்ய இவ்வளவு மொழியே போதும். இது எங்கள் நாட்டில் பெரிய ஆட்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அக்கா குருநாகல் பக்கத்துக் கிராமத்துக்காரர். தமிழர் ஒருவரை நேரில் பார்த்ததே கல்ஃபுக்கு வந்த பிறகுதான் என்று ஒருமுறை சொன்னார். பார்த்து என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். உறைப்பு அதிகம் என்றார்.

கன்டீன் பெண்கள் எல்லாரும் ஒரே ரூமில் இருந்தோம். என்னைத் தவிர மற்றவர்கள் சிங்களவர்கள். அக்காவின் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் மகனின் படம் ஒட்டியிருந்தது. சீருடையில், மீசை சரியாக முளைக்காத முகம். அவர் காலையில் அலமாரியைத் திறக்கும்போது அவன் என்னையும் பார்ப்பான். என் ஊர் இருந்த வன்னியில் சண்டை நெருங்க நெருங்க அந்தக் கதவை அவர் என் பக்கம் திரும்பாதபடி பாதிதான் திறந்தார். எனக்கு அதுவும் கோபம். முழுதாகத் திறவுங்கள், உங்கள் மகனைப் பார்த்து நான் பயப்படுகிறேனா என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அவர் கதவை முழுதாகத் திறந்துவிட்டுத் தலைசீவினார்.

போரைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை. கதைத்தால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும். சண்டை சீக்கிரம் முடிந்தால் எல்லாருக்கும் நல்லது என்று அவர் நம்பினார். யார் செத்து முடியும் என்று நான் கேட்காமல் விட்டேன். ஆனால் இதைச் சொல்லத்தான் வேண்டும். திருநீறு பூசும்போது அந்தப் பையனுக்காகவும் நான் கும்பிட்டேன். அவன் சுட்டால் என் அம்மா சாகலாம். அவன் செத்தால் அக்காவை யாராலும் பார்க்க முடியாது. இரண்டும் நடக்கக்கூடாது என்று எந்தக் கடவுளிடம் கேட்பது? கேட்டேன். கேட்டதை அக்காவிடம் சொல்லியும் விட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்த இடத்தில், ஏதோ உப்புப் போதுமா என்று கேட்பது போலச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வெங்காயம் கூடிவிட்டது என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பது தைப்பொங்கலுக்குப் பிறகு வன்னியிலிருந்து அழைப்பு வரவில்லை. கடைசியாகக் கதைத்தபோது அப்பா இருமிக்கொண்டே, நாங்கள் இடம்பெயரப் போகிறோம், நீ வேலையைக் கவனி என்று சொன்னார். அதன்பிறகு மாதக்கணக்காக ஒன்றும் இல்லை. நான் சமோசா கொடுத்தேன். வேறு என்ன செய்வது? பாய் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரூமுக்குப் போய்ப் படும்மா, டூட்டியை நான் பாத்துக்கிறேன்” என்றார். ரூமில் டிவியில் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் அடுப்படியிலேயே நின்றேன்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ரூமில் ஒரே ஆரவாரம். பாற்சோறு சமைக்க வேண்டும் என்று எல்லாரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல காரியத்துக்கு அவர்கள் முதலில் வைப்பது பாற்சோறுதான். அக்கா எழுந்து என்னிடம் வந்தார். எனக்காக அவர் சமைக்க மாட்டார் என்று நான் நினைத்தேன். அவர் வேறு ஒன்று சொன்னார்.

“நங்கி, மகன் உயிரோட. நா சமைக்கறது. நீ சாப்பிட வேணாம். நீ கோவம் வெச்சா, நா கோவம் இல்ல.”

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னிடம் நடிக்கவில்லை. சந்தோஷத்தை மறைத்துத் துக்கமுகம் காட்டியிருந்தால் அவரை நான் மன்னித்திருக்கவே மாட்டேன். அவர் தேங்காய்ப் பால் பிழிந்து, சோறாக்கி, தட்டில் பரப்பி வெட்டினார். பிறகு தன் பங்கைத் தொடாமல் என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் கூப்பிட்டும் எழும்பவில்லை.

கொஞ்ச நாளில் வவுனியாவில் இருந்த என் சித்தியிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவை, வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாம்களுக்குப் போன பஸ் ஒன்றில் யாரோ கண்டார்களாம். தனியாக இருந்தாராம். அப்பா பக்கத்தில் இல்லை. எந்த முகாம் என்று தெரியாது. சித்தி இரண்டு முகாம்களின் வேலிவரை போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மற்றப் பக்கங்களுக்கு அவரை விடவில்லை. நான் போகவும் வழியில்லை. பாஸ்போர்ட் கஃபீலிடம், விசா தந்த அரபு முதலாளியிடம். கேட்டால் தந்திருப்பார், பாய் வாங்கித் தந்திருப்பார். ஆனால் அந்த நேரம் வன்னி முகவரியோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் இறங்கினால், அம்மாவை நான் தேடுவது போய், என்னை மற்றவர்கள் தேட வேண்டிவரும். அம்மா உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எங்கே? இந்த ஒன்றை அறிய எனக்குக் கைகாலே இல்லாமல் போயிற்று.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்குப் பூட்டியது. அக்காவுக்கு லீவு வந்தது. எங்கள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவள் தன் பெட்டியில் பாதியை மற்றவர்களுக்கு விட வேண்டும். ஒருத்தி பிள்ளைக்குப் பால்மா கொடுப்பாள், ஒருத்தி தாய்க்குக் கோடாலித் தைலம் கொடுப்பாள், ஒருத்தி புருஷனுக்குச் செருப்பு. மறுக்கக்கூடாது, மறுத்தால் நாளைக்கு உன்னுடையதை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அந்தமுறை அக்கா எல்லாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு சோப்புக்கட்டிகூட வாங்கவில்லை. ரூம் கொதித்தது. மகன் பெரிய வீரனாகிவிட்டான், தாய்க்குக் கண் தெரியவில்லை என்று காதுபடவே சொன்னார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் வெற்றுப்பெட்டியை என் கட்டிலில் கொண்டுவந்து வைத்தார். “ஒங்க அம்மாக்கு. நெறப்பு,” என்றார்.

நான் கேட்கவில்லையே என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு எனக்கே தெரியாமல் அழுதேன். போர்வை, பால்மா, உள்பாவாடை, கோடாலித் தைலம், சவர்க்காரம், அம்மாவுக்குப் பிடித்த பேரீச்சம்பழம் எல்லாம் போட்டேன். அக்கா போவதற்கு முன்னால் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பழகினார். வேலியில் நின்று கூப்பிட வேண்டுமே. ரொட்டி தட்டிக்கொண்டே அம்மாவின் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் மாறிமாறிச் சொல்வார், நான் திருத்துவேன். அம்மாவின் பெயரை அதற்கு முன் யாரும் அவ்வளவு தரம் சொல்லியிருக்க மாட்டார்கள், அப்பா உட்பட.

அக்கா போய்ப் பல நாட்கள் செய்தி இல்லை. விடுமுறையில் நான் பாயின் கபேட்டேரியாவில் வேலை செய்தேன். ஒரு முற்பகல், பரோட்டாவுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. இலங்கை இலக்கம். எடுத்தேன். ஒரே இரைச்சல், பல பேர் கத்துகிறார்கள். அதற்குள் அம்மாவின் குரல்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. கொப்பரைப் பற்றி என்ன அறிஞ்சனி?”

அம்மா உயிரோடு இருக்கிறார் என்று மனம் பிடித்துக்கொள்வதற்குள் இந்தக் கேள்வி. அப்பாவைப் பற்றி ஒன்றும் அறியவில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

“அப்ப ஏன் வெள்ளைச் சீலை அனுப்பினனி?”

நான் சீலையே அனுப்பவில்லை என்றேன். பிறகு அம்மா, சின்னப்பிள்ளை அனுமதி கேட்பது போலக் கேட்டார்.

“அப்ப நான் பொட்டைத் திருப்பி வைக்கட்டோ?”

வையுங்கள் அம்மா, வையுங்கள் என்று நான் கத்தியதில் பரோட்டாக் கல்லடியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். லைன் அறுந்துவிட்டது. அன்று முழுவதும் மாவை உருட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். ஏன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. நடந்ததை அக்கா திரும்பி வந்துதான் சொன்னார். மிச்சத்தை அம்மா பின்னர் சொன்னார். இருவரும் சொன்னதைச் சேர்த்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அக்கா தன் வீட்டில் இரண்டு நாள்கூட ஒழுங்காக இருக்கவில்லை. மகன் அப்போது வவுனியாவில் முகாம் பக்கம்தான் கடமையில் இருந்தான். மகனைப் பார்க்கப் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறியிருக்கிறார். மகனைப் பார்த்து அழுது, சாப்பாடு ஊட்டி, பிறகு விஷயத்தைச் சொன்னார். அவன் மறுத்துவிட்டான். தன்னோடு நின்ற கூட்டாளிகள் செத்திருக்கிறார்கள், இப்போது தமிழர் ஒருவரின் தாயைத் தேடித் திரிந்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான் என்று அக்கா என்னிடம் சொன்னார். அப்படியும் அவர் விடவில்லை. நீ உயிரோடு வர வேண்டும் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை தினமும் கும்பிட்டாள், அவளுடைய தாயை நான் இன்றைக்குக் கூப்பிடத்தான் போகிறேன், நீ வந்தாலும் சரி, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர், அந்தப் பக்கம் முகாம் சனம். எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் அக்காவும் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். தவறான முகாமில் ஒரு நாள் போயிற்று. மறுநாள் மகன் யாரிடமோ விசாரித்து வேறு முகாமுக்குக் கூட்டிப்போனான். அங்கே பெயர் கைமாறி வாய்மாறிப் போய், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அம்மா வந்தார். மெலிந்து, கைத்தடியோடு, நெற்றியில் குங்குமப் பொட்டோடு. பெட்டியில் இருந்த பொருட்கள் ஒரு பையில் வேலிக்கு மேலால் போயின. அம்மா பையைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைச் சீலை.

அது அக்கா தன் காசில் மனாமா சூக் சந்தையில் வாங்கியது. எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார், பெரிய மனுசியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று. அவருடைய ஊரில் பௌர்ணமியான போயா தினத்தில் பெண்கள் வெள்ளை உடுத்துத்தான் விகாரைக்குப் போவார்கள். ஒரு தாய்க்குக் கொடுக்க அதைவிட மரியாதையான சீலை அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதைக் கட்டுவது புருஷனை இழந்தவள். அப்பாவோ சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பாதவர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குச் செய்தி எட்டிவிட்டது, வாயால் சொல்ல முடியாமல் சீலையை அனுப்பியிருக்கிறாள் என்று அம்மா விளங்கிக்கொண்டார். வேறு எப்படி விளங்கும்?

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் சீலையைக் கண்டதும் கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். அம்மா தன் கையாலேயே பொட்டை அழித்தார். அக்கா அதைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டார். “கைய கண்டது நங்கி, நெத்தி தொடைக்குது. அப்போ தெரிஞ்சது,” என்று என்னிடம் சொல்லும்போதும் அவருடைய கை தன் நெற்றிக்குப் போயிற்று.

இல்லை, இல்லை என்று கத்தியிருக்கிறார். ஒப்பாரிக்குள் யாருக்குக் கேட்கும்? வேலி இடுக்கால் கையை விட்டு, அம்மாவின் மடியில் கிடந்த சீலையைப் பறித்து இழுத்தார். முள் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறியது. காவலுக்கு நின்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா எதையும் கவனிக்காமல், அத்தனை பேருக்கும் நடுவில், பாவாடை சட்டைக்கு மேலாகவே அந்தச் சீலையைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே, எனக்குப் புருஷன் இருக்கிறார், இது கோயிலுக்குக் கட்டும் சீலை, இது என்னுடையது என்று தெரிந்த தமிழையும் தெரியாத தமிழையும் கொட்டியிருக்கிறார். இந்தக் கட்டத்தை அம்மா சொல்லும்போது சிரிப்பார். “விசரி எண்டுதான் முதல் நினைச்சன்,” என்பார். வெள்ளைச் சீலையில் இரத்தம் வேறு பட்டிருந்ததாம்.

காவலாளிகளைத் தடுத்து நின்றது அந்த மகன். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சோதனைச் சாவடித் தமிழ்: நில், இறங்கு, திற, காட்டு. அதை வைத்துக்கொண்டு அவன் வேலியடியில் குந்தி, “அம்மா, பாரு. எங்கட அம்மா. இந்த சாரி எங்கட அம்மாட,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்போதும் அம்மா நம்பவில்லை. அதனால்தான் அக்கா எனக்கு எடுத்து, ஃபோனை வேலிக்குள்ளால் நீட்டினார்.

அம்மா கண்ணாடி இல்லாமல், குங்குமம் இல்லாமல், பக்கத்தில் நின்ற பெண்ணின் நெற்றியிலிருந்து தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டார்.

இதற்கு அக்கா கொடுத்த விலை சின்னதல்ல. மகனை வேறு தூர இடத்துக்கு மாற்றினார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அயல் வீட்டுத் தாய் இவரோடு கதைப்பதை நிறுத்தினார். லீவு முடியும்வரை புருஷன் முகம் கொடுக்கவில்லை. ஈசா டவுன் ரூமில் மற்றவர்கள் ஒரு மாதம் எங்கள் இருவரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. அந்த அயல் வீட்டுத் தாயில் பிழையில்லை என்று மட்டும் அக்கா சொன்னார். ரூமில் உள்ளவர்களைப் பற்றிச் சொன்னதை நான் எழுத முடியாது.

அடுத்த ஆண்டு அம்மாவை முகாமிலிருந்து விட்டார்கள். சித்தி வீட்டில் இருந்துகொண்டு அப்பாவைத் தேடினார். பொட்டு வைத்தபடிதான் தேடினார். கடைசியில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் வந்து, அப்பா விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகவும், தானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மண் போட்டு மூடியதாகவும் சொன்னார். அம்மா எனக்கு எடுத்து அதைச் சொன்னார். நிறைய நேரம் இருவரும் அழுதோம். பிறகு, அந்த அக்காவிடம் அந்தச் சீலை இன்னும் இருக்கிறதா என்று கேள் என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த வெள்ளைச் சீலை வழக்கத்தில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. அப்பா போனார் என்றால் நிறமும் போக வேண்டுமா, நீங்கள் பொட்டை அழிக்கவே வேண்டாம், சிவப்பு உடுத்துங்கள் என்று கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ கேட்டுச் சொல்லு என்று வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தார். இரத்தக்கறை கழுவியிருந்தது. ஒருமுறைகூடக் கோயிலுக்குக் கட்டவில்லையாம். ஏன் என்றேன். அந்த அம்மாவின் பயம் அதில் இருக்கிறது, நான் எப்படிக் கட்டுவது என்றார். அழுதுகொண்டே அதை இஸ்திரி போட்டு மடித்தார். எங்களோடு ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தவர்களில் ஒருத்தி அந்தக் கிழமை லீவில் போனாள். தானே வந்து பார்சலை வாங்கித் தன் பெட்டியில் வைத்தாள்.

சீலை கிடைத்த அன்று அம்மா எடுத்தார். கன்டீனில் காலை வேலை நேரம்.

“கட்டியிருக்கிறன் பிள்ளை. நல்ல சீலை,” என்றார். “நீ கோவிக்காதை. அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு. அண்டைக்கு அவ இதைப் பறிச்சு எடுத்தபடியாலதான் நான் உன்ர கொப்பரோட இன்னும் ஒரு வருஷம் குடும்பம் நடத்தினனான் எண்டு.”

இதைச் சொல்ல என் சிங்களம் போதவில்லை, ஹிந்தியும் அரபியும் சேர்ந்தும் போதவில்லை. அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஈரக்கையைத் துடைக்கக்கூட விடாமல் ஃபோனை அவர் காதில் வைத்து, நீங்களே சொல்லுங்கள் அம்மா என்றேன்.